நள்ளிரவில் கிளம்பச் சொன்னால் எதை உடுத்துவீர்கள்?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், நள்ளிரவை நெருங்கிய நேரம். சென்னைக்கு வடக்கே எண்ணூரை ஒட்டிய பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவர் ஊர்களில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து உரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. சிறிது நேரத்தில் காரமான நெடி ஊருக்குள் நுழைந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சு முட்டியது. எழுந்தவர்கள் எழுந்த கோலத்திலேயே தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோரை மருத்துவமனைகளில் சேர்க்க நேர்ந்தது.

'எழுந்த கோலத்திலேயே' என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இன்றிரவு உங்கள் தெருவில் அப்படி ஒரு கூக்குரல் கேட்டால், உங்கள் உடம்பில் என்ன துணி இருக்கும்? காலில் ஏதாவது இருக்குமா? பாட்டி என்ன உடுத்தியிருப்பார்? தம்பி மேல்சட்டையாவது போட்டிருப்பானா?

எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் மின்தொடரில் ஒருமுறை போய் வாருங்கள். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வயல்களும் வீடுகளும் மாறி மாறி வரும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கும் உலைகளும் வார்ப்படச் சாலைகளும் உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அங்கே உண்டு. இடையே கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் குறுக்கிட்டு ஓடுகின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் வாழ்பவர்கள் நச்சு வாயு, நெருப்பு, வெள்ளம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள். மூன்றுக்கும் ஏற்ற ஒரே உடை என்று எதுவும் கிடையாது. நெருப்புக்கு நல்லதாக இருப்பது வெள்ளத்தில் தொல்லையாகலாம். இதற்கான காரணத்தை நூலிழையின் வேதியியலிலும் இயற்பியலிலும்தான் தேட வேண்டும்.

வாயு பரவும்போது

உங்கள் வேதியியல் பாடத்தில் அம்மோனியாவின் ஊற்றுச் சோதனையைப் படித்திருப்பீர்கள். அம்மோனியா நிரம்பிய குடுவைக்குள் சில துளி நீர் போனதும் வாயு முழுவதும் அதில் கரைந்துவிடுகிறது. குடுவைக்குள் அழுத்தம் குறைந்து, கீழே தொட்டியிலுள்ள நீர் ஊற்றாகப் பீறிட்டு ஏறுகிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா கரையும். அது கண்ணையும் தொண்டையையும் தாக்குவதற்கும் இதுவே காரணம். உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கரைந்து, அரிக்கும் காரமாக மாறுகிறது. கண், மூக்கு, தொண்டை, வியர்த்த அக்குள் ஆகியவை முதலில் எரியும்.

உடம்பின் ஈரத்தைத் தேடி வரும் வாயுவுக்கு வழியிலேயே வேறோர் ஈரத்தைக் காட்டினால் என்ன? நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்வதன் பொருள் இதுதான். வாயுவின் ஒரு பகுதி துணியிலுள்ள நீரில் கரைந்து நின்றுவிடும். துணி பருத்தியாக இருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் பருத்தி இழை தன் எடையில் 8.5 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் ஏற்பது வெறும் 0.4 விழுக்காடு. வீட்டிலுள்ள தேங்காய்ப்பூத் துண்டு இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் சிறு சிறு வளையங்கள் நிறைய நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் நீர் சொட்டச் சொட்ட முகத்தில் வைத்தால் காற்றும் நுழையாது. நீங்கள் துணியை விலக்கிவிட்டு மூச்சிழுப்பீர்கள். சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மூன்று நான்கு மடிப்பாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது முகக்கவசம் ஆகாது. அந்த இடத்தை விட்டு வெளியேறும் சில நிமிடங்களுக்கு மட்டும் கிடைக்கும் சிறு உதவி. மேலும் எல்லா வாயுவும் அம்மோனியாவைப் போல் நீருக்குப் பணியாது. 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் விடியற்காலையில் விசாகப்பட்டினத்து ஆலை ஒன்றிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். தீ விபத்துகளில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான். ஈரத்துண்டின் வழியே அது தாராளமாக நுழைந்து வரும். எனவே ஈரத்துண்டு முகத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் புகைக்குள் திரும்பிப் போகக் கூடாது.

போபாலில் 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு மீத்தைல் ஐசோசயனேட் வாயு பரவியபோது, முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள் என்ற எளிய செய்திகூட மக்களில் பெரும்பாலோருக்குப் போய்ச் சேரவில்லை. பலர் காற்று வீசிய திசையிலேயே ஓடினார்கள். ஓடும்போது மூச்சு பெரிதாக வாங்குகிறது. அதனால் உள்ளே போன நஞ்சும் பெருகியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்த்து, அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். ஆலைகளின் உச்சியில் ஒரு துணிப்பை காற்றில் உப்பி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றின் திசையைக் காட்டத்தான் அங்கே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கையிலுள்ள துண்டின் ஒரு முனையைப் பிடித்து உயர்த்துங்கள். மறுமுனை திசையைச் சொல்லும்.

வாயு பரவிய இடத்திலிருந்து தப்பி வந்த பிறகு உடுத்தியிருந்த துணியே பகையாகிவிடும். நூலிழைகளுக்கிடையில் வாயுவும் நுண்துளிகளும் தங்கி, தோலைத் தொடர்ந்து எரிக்கும். பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் மேலுடையைக் களைந்துவிட்டு நிறைய நீரால் உடம்பைக் கழுவ வேண்டும். கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். பனியனைப் போலத் தலைவழியே கழற்றும் சட்டையாக இருந்தால், அதிலுள்ள நஞ்சு முழுவதையும் முகத்தின் மீது தேய்த்து இழுப்பதாகிவிடும். அப்படிப்பட்ட சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுப்பதே முறை. முன்பக்கம் பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டையாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்பாவின் பழைய பருத்திச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பருத்தி எரியாதா?

தீபாவளி வந்துவிட்டால் வானொலியும் பத்திரிகைகளும் ஓர் அறிவுரையைத் தவறாமல் சொல்லும்: பட்டாசு வெடிக்கும்போது பருத்தி உடை உடுத்துங்கள், நைலான் வேண்டாம். நல்ல அறிவுரைதான். ஆனால் இதைக் கேட்கும் பலர், பருத்தி எளிதில் தீப்பற்றாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். விளக்குத் திரியை எதனால் திரிக்கிறோம்? பருத்தியால்தானே!

ஒரு பொருள் தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள காற்றில் குறைந்தது எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வரம்பு எண் என்பது அதன் பெயர். பருத்திக்கு இது ஏறத்தாழ 18. பாலியெஸ்டருக்கு 20 முதல் 22 வரை. கம்பளிக்கு 25. நாம் வாழும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. இப்போது நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்திக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே பற்றிய பருத்தி தங்குதடையின்றி எரியும். கம்பளிக்கு அது போதாது. தீயை அகற்றினால் தானே அணைந்துவிடும். பாலியெஸ்டர் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது.

அப்படியானால் நைலானையும் பாலியெஸ்டரையும் ஏன் அஞ்சுகிறோம்? அவை உருகுவதால்தான். நைலானின் ஒரு வகை சுமார் 220 டிகிரி செல்சியஸிலும், பாலியெஸ்டர் சுமார் 255 டிகிரியிலும் உருகிப் பாகாகின்றன. மனிதத் தோலில் 70 டிகிரிச் சூடு ஒரு நொடி பட்டாலே புண்ணாகிவிடும். 250 டிகிரிப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு, தன் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கினால் என்ன ஆகும்! பருத்தி உருகுவதே இல்லை. எரிந்து கரியாகும்; தட்டினால் உதிர்ந்து போகும். பருத்தியின் சிறப்பு அது எரியாமல் இருப்பதில் இல்லை, ஒட்டாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

இரண்டையும் கலந்து நெய்தால் நன்மையும் பாதி தீமையும் பாதி என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. தூய பாலியெஸ்டர் துணி தீயைக் கண்டதும் சுருங்கி விலகும். உருகிச் சொட்டிவிடுவதால் சில சமயம் அணைந்தும் போகும். பருத்தி கலந்த துணியிலோ பருத்திக் கரி ஒரு சாரம் போல நின்று, உருகிய பாலியெஸ்டரைச் சொட்ட விடாமல் தீயிலேயே பிடித்து வைக்கிறது. இதனால் கலப்புத் துணி சில நிலைகளில் தனித்தனி இழைகளைவிடக் கடுமையாக எரிவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். டெரிகாட்டன் என்று நாம் அழைப்பது இந்தக் கலப்புத் துணியைத்தான். பள்ளிச் சீருடைகள் பெரும்பாலும் டெரிகாட்டன்தான். துவைக்க எளிது, கசங்காது, நீண்ட நாள் உழைக்கும். சீருடைக்கு அதைத் தேர்ந்ததில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சீருடையோடு அடுப்படியிலோ ஆய்வுக்கூடத்துச் சுடரின் அருகிலோ நிற்கும்போது இதை மறக்கக் கூடாது.

உங்கள் வீட்டுத் துணி எந்த இழை என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. இதை ஆசிரியர் அருகில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யுங்கள். துணியின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, நீர் நிரப்பிய தட்டின் மேலே சுடரில் காட்டுங்கள். காகிதம் எரியும் நெடி வந்து மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி. மயிர் பொசுங்கும் நெடி வந்து, கருத்த மணி உருண்டு, விரலால் நசுக்கினால் தூளானால் அது கம்பளி அல்லது பட்டு. நூல் சுருண்டு பின்வாங்கி, உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. மணியை நன்றாக ஆறவிட்டபின் தொடுங்கள். சாம்பலும் கெட்டி மணியும் சேர்ந்து கிடைத்தால்? அது டெரிகாட்டன்.

இழையைப் போலவே நெசவும் தையலும் முக்கியம். மெல்லிய மல் துணி நொடியில் பற்றிக்கொள்ளும். அதே பருத்தியை அடர்த்தியாக நெய்த ஜீன்ஸ் துணியில் தீப்பிடிக்க நேரமாகும். அந்த நேரத்துக்குள் நீங்கள் விலகிவிடலாம். தொங்கும் முந்தானை, துப்பட்டா, தாவணி, அகன்ற கை, தொளதொள நைட்டி எல்லாம் நீங்கள் அறியாமலே சுடரைத் தொட்டுவிடக் கூடியவை. இருபுறமும் காற்று புகுவதால் வேகமாகவும் எரியும். தமிழ்நாட்டு அடுப்படிகளில் எத்தனையோ பெண்களைச் சுட்டது இப்படித் தொட்ட முந்தானைதான்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிற்கும் துணியில் தீ மேல்நோக்கி ஏறுகிறது. கீழே எரிவதால் எழும் சூடான வாயு மேலே உள்ள துணியை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. தரையில் படுத்துவிட்டால் அந்தத் துணி கிடைமட்டமாகிறது. தீ பரவும் வேகம் பெரிதும் குறைகிறது. முகமும் சுடருக்கு மேலே இருப்பதில்லை. உருண்டால் காற்று கிடைக்காமல் தீ அணையும். யாராவது கம்பளியைப் போர்த்தினால் இன்னும் நல்லது. செயற்கை இழைப் போர்வையைக் கொண்டு வந்து போர்த்திவிடக் கூடாது. தீ அணைந்தபின் 20 நிமிடம் புண்ணின் மீது ஓடும் நீரை விடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்; அதை மருத்துவர் எடுப்பார். வாயுவில் நனைந்த துணியை உடனே களைய வேண்டும் என்றோம். தீயில் ஒட்டிய துணியைத் தொடக்கூடாது என்கிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலைச்சாலைத் தொழிலாளரின் உடையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உருகிய இரும்பின் சூடு 1,500 டிகிரிக்கு மேல். அது தெறிக்கும் இடத்தில் வேலை செய்பவர் தம் முழுக்கால் சட்டையைக் காலணிக்குள் செருகிக்கொள்ள மாட்டார். காலணியின் மேலே தொங்கவிடுவார். செருகினால் தெறித்த துளி வழுக்கி நேரே காலணிக்குள் இறங்கிவிடும் அல்லவா? கால்சட்டையின் அடியை மடித்தும் விடக்கூடாது. மடிப்பு ஒரு கிண்ணம் போலத் துளியைப் பிடித்துக்கொள்ளும். தீயணைப்பு வீரர்களுக்கு 1960-களில் உருவான நோமெக்ஸ் போன்ற உருகாத இழைகள் வந்துவிட்டன. அதன் ஆக்சிஜன் வரம்பு எண் 28-ஐத் தாண்டும். அந்த உடை நம் வீடுகளுக்கு வரப்போவதில்லை. நமக்கு அடர்த்தியான பருத்தியும் ஒரு கம்பளியும் போதும்.

வெள்ளத்தில் துணியின் எடை

நனைந்த துணி கனத்து ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆர்க்கிமிடீசின் விதியை நினைவுகூருங்கள். துணி உறிஞ்சிய நீருக்கு, நீருக்குள் இருக்கும்வரை எடையே கிடையாது. கரையேற முயலும்போதுதான் அந்த எடை முழுவதும் தோளில் ஏறுகிறது. படகின் விளிம்பைப் பிடித்து ஏற முயன்றவர்களுக்கு இது தெரியும்.

நீருக்குள் இருக்கும்போது உண்மையான எதிரி ஓட்டம்தான். ஓடும் நீர் ஒரு பரப்பின் மீது செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஐந்தரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடைய சேலையில் ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர் துணி இருக்கிறது. அது அவிழ்ந்து விரிந்தால் வெள்ளத்தில் ஒரு பாய் போல் ஆகிவிடும். காலைச் சுற்றிக்கொண்டால் நடக்கவும் முடியாது, நீந்தவும் முடியாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் ஆண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை குறித்தது. பெண்களுக்கு நீந்தத் தெரியாதது, கைக்குழந்தைகளை விட்டு ஓட முடியாதது, அந்நேரம் அவர்கள் கரையில் இருந்தது எனக் காரணங்கள் பல. உடையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. ஆனால் நீந்தத் தெரியாத ஒருவருக்கு, காலைக் கட்டும் உடையும் சேர்ந்துவிட்டால் தப்பும் வாய்ப்பு இன்னும் சுருங்கும். நடவு வயலில் இறங்கும் பெண்கள் சேலையை வரிந்து கட்டி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதுவே சரியான முறை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருக வேண்டும். சுரிதார் உடுத்துபவர் துப்பட்டாவை மாலைபோல் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். நீண்ட கூந்தலை முடிந்துகொள்வதும் நல்லது.

லுங்கியை மடித்துக் கட்டினால் நடக்க எளிது. ஆனால் நீருக்கடியில் மறைந்திருக்கும் முள்வேலியும் தகரமும் கண்ணாடிச் சில்லும் கெண்டைக்காலைக் கிழிக்கும். அந்தக் கீறலின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழைய இடமுண்டு. விளையாட்டு வகுப்புக்கு அணியும், கணுக்கால் வரை ஒட்டி நிற்கும் நீண்ட கால்சட்டை வெள்ளத்தில் இரண்டு குறையும் இல்லாதது. அது பெரும்பாலும் பாலியெஸ்டர். நெருப்பின் அருகே வேண்டாம் என்றோமே, அதே பாலியெஸ்டர்தான்! நீரில் அது நல்ல நண்பன்; ஈரத்தை உறிஞ்சாது, சீக்கிரம் உலரும்.

சீக்கிரம் உலர்வதற்கு ஏன் இத்தனை மதிப்பு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நனைந்த பருத்திச் சட்டையும் லுங்கியும் அரை லிட்டர் நீரைப் பிடித்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் நீர் உடலின் மேல் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 500 கிராமுக்கு 12 லட்சம் ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆக மூன்று மணி நேரத்துக்கு மேல் உடல் உழைத்து உண்டாக்கும் சூட்டுக்குச் சமமானது அந்த ஒரே துணி உலர்வதற்கு ஆகும் செலவு. அதில் ஒரு பகுதியைக் காற்று கொடுக்கும் என்றாலும் மீதி நம்மிடமிருந்துதான் போகிறது. புயல் இரவில் மார்கழிக் காற்றும் சேர்ந்தால், பனியே பெய்யாத நம் ஊரிலும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் விறைத்துப் போவதன் காரணம் இதுதான். கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்த பிறகும் அதற்குள் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். அதனால் அது சற்றுக் கதகதப்பைக் காக்கும். பாட்டிக்கும் குழந்தைக்கும் முதலில் எதை எடுத்து வைப்பது என்று இப்போது தெரிகிறதல்லவா?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், மணலிப் பகுதிகளில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணெய் ஊறிய துணி நெருப்புக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. எத்தனை முறை துவைத்தாலும் பிசுபிசுப்பு முழுதாகப் போவதுமில்லை. கரையேறியதும் அதை மாற்றிவிட வேண்டும். அந்த உடையோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது. மாற்றுவதற்கு உலர்ந்த துணி கையில் இருந்தால்தானே மாற்ற முடியும்?

முதலில் கால்

ஆபத்துக்கால உடை என்றால் பலர் சட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் காலிலிருந்து தொடங்குவேன். சட்டை இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் நடக்கலாம். கண்ணாடிச் சில்லில் மிதித்தவர் இருபது அடி நடப்பதே பெரும்பாடு.

ரப்பர்ச் செருப்பு ஓடும் நீரிலும் சேற்றிலும் கழன்று போய்விடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் முழங்கால் அளவு நீர்வரை நல்லது. நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே நிறைந்துவிட்டால் காலில் குடம் கட்டியது போலாகும். கயிறு கட்டும் பழைய கான்வாஸ் காலணி இவ்விரண்டையும்விட மேலானது. உள்ளே புகுந்த நீர் துணியின் வழியே வெளியேறிவிடும்; கயிறு இறுக்கிக் கட்டியிருப்பதால் கழலாது; அடிப்பாகம் ஆணியையும் சில்லையும் ஓரளவு தடுக்கும். உடற்பயிற்சி வகுப்புக்காக வாங்கிய வெள்ளைக் காலணி உங்கள் வீட்டு மூலையில் கிடக்கிறதா, பாருங்கள்.

2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு வண்டி நின்றிருந்த சரக்கு வண்டியின் மேல் மோதிப் பெட்டிகள் தடம் புரண்டன. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வண்டியிலிருந்து இறங்கும் பயணி இருட்டில் கால் வைப்பது கூரான ஜல்லிக்கற்களின் மேல். இரவு வண்டியில் உறங்கப் போகுமுன் காலணியைத் தள்ளிவிட்டுத் தேட நேராமல், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஒரு பையும் ஓர் ஒத்திகையும்

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. தலைக்கு ஒரு முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் வரை மறைக்கும் கால்சட்டை, ஒரு தேங்காய்ப்பூத் துண்டு; வயதானவர்க்கும் குழந்தைக்கும் ஒரு கம்பளி. இவற்றைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஒரு தோள்பையில் வையுங்கள். கையில் தூக்கும் பை வேண்டாம். குழந்தையைப் பிடிக்கவும் சுவரைப் பிடிக்கவும் இரு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு பழைய சேலையையும் உள்ளே போடுங்கள். நிவாரண முகாமில் மறைப்பாகும், குழந்தைக்குத் தூளியாகும், முறுக்கினால் கயிறாகும், முக்கோணமாக மடித்தால் முறிந்த கையைத் தாங்கும் கட்டாகும். வெளிர் நிறத் துணியாக இருந்தால் இருட்டில் தேடி வருபவர்களின் கைவிளக்கு ஒளியில் எளிதாகத் தெரியும். சிறு குழந்தையின் சட்டையில், உட்புறத்தில், பெற்றோர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையால் எழுதி வையுங்கள்.

இனி ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எல்லாரும் உறங்கும் உடையில் இருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரும் முழுக்கைச் சட்டையைப் போட்டு, காலணிக் கயிற்றைக் கட்டி, துண்டை நனைத்துப் பிழிந்து, பையைத் தோளில் மாட்டி வாசலுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது? முதல் தடவை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வியப்பில்லை. எங்கே தாமதமாயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியா, தம்பியின் இடதுகால் காலணியா, நனைக்க நீர் இல்லாத குழாயா? குழாயில் இரவில் நீர் வராத தெருவாக இருந்தால், வாசற்கதவின் அருகே ஒரு குடத்தில் மூடி போட்டு நீர் வையுங்கள். மறுவாரம் மீண்டும் செய்து பாருங்கள்.